வாங்குபவரின் தயக்கமும் விற்பவரின் அதிகாரமும்

கேள்வி: வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். மூன்று ஷோரூம்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள். சில காலமாகத் தள்ளுபடி அறிவிக்கும் நாட்களில் மட்டுமே விற்பனை சூடுபிடிக்கிறது. மற்ற நாட்களில் வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விற்பனையைக் கூட்டுவதற்காகக் கமிஷன் முறையைக் கொண்டுவந்தேன். முதலில் பலன் தெரிந்தது. பிறகு பொருளைத் திருப்பிக் கொண்டுவருவோரும் புகார் சொல்வோரும் அதிகமானார்கள். ஊழியர்களிடம் பெயர் குறிப்பிடாமல் கருத்துக் கேட்டபோது பெரும்பாலோர் திருப்தியாக இருப்பதாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அனுபவமுள்ள விற்பனையாளர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். வாடிக்கையாளர் எதைப் பார்த்து வாங்குகிறார்? ஊழியர் எதனால் திருப்தி அடைகிறார்? கையில் இருக்கும் தொகை ஏதாவது ஒன்றுக்குத்தான் போதும். விலையைக் குறைக்கவா, சம்பளத்தை உயர்த்தவா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

வாடிக்கையாளரைப் பற்றி ஒன்று, ஊழியரைப் பற்றி ஒன்று என நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளையும் பல நிறுவனங்கள் இரண்டு தனித்தனி மேசைகளுக்கு அனுப்பிவிடுகின்றன. விற்பனைப் பிரிவு ஒன்றுக்கும் மனிதவளப் பிரிவு மற்றொன்றுக்கும் விடை தேடுகின்றன. உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களைச் சேர்த்துப் படித்தால், இரண்டுக்குமான விடை ஒரே இடத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வாங்க வந்தவர் தயங்கி நிற்கும் நேரத்தில் உங்கள் விற்பனையாளரால் எதைச் சொல்ல முடிகிறது, எதைச் செய்ய முடிகிறது என்பதே அந்த இடம்.

தள்ளுபடி இல்லாத ஒரு சாதாரண நாளில், ஷோரூமில் ஓரமாக நின்று சிறிது நேரம் கவனியுங்கள். இத்தகைய நிறுவனங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் காட்சி ஒன்று உண்டு. ஒருவர் வாஷிங் மெஷின் பார்க்க வருகிறார். இரண்டு மாடல்களை ஒப்பிட்டு, ஒன்றை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறார். மூடியைத் திறந்து மூடுகிறார்; தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் வருகிறது என்று குனிந்து பார்க்கிறார்; வீட்டில் குறித்துவந்த அளவைக் கைபேசியில் எடுத்து அகலத்தோடு ஒப்பிடுகிறார். பிறகு கேட்கிறார்: "கொண்டுபோய் வச்சுப் பார்த்து, பொருந்தலைன்னா மாத்திக் கொடுப்பீங்களா?" விற்பனையாளருக்குப் பொருளைப் பற்றி எல்லாம் தெரியும், இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேங்க" என்று உள்ளே போகிறார். மேலாளர் வேறொரு டெலிவரி தாமதத்துக்காகக் கிடங்கோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். சற்று நேரம் கழித்து, "பொதுவா மாத்த மாட்டோம், பார்க்கலாம்" என்ற அரைகுறைப் பதிலோடு விற்பனையாளர் திரும்புகிறார். வந்தவர், "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று கிளம்புகிறார். உங்கள் கணக்கில் அவர் பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒருவர். ஆனால் அளவெடுத்துக்கொண்டு வந்தவர் வாங்குவதற்காகவே வந்தவர்.

அவரை நிறுத்தியது விலை அன்று. அடிக்கடி வாங்காத, வாங்கிப் பயன்படுத்தும் வரை தரம் தெரியாத, தவறினால் எளிதில் கைகழுவ முடியாத ஒரு பொருளுக்குப் பணம் கொடுக்கும்போது, கிடைக்கப்போகும் நன்மையைவிட ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சமே மனத்தில் பெரிதாக நிற்கும். உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கோட்பாடாக வகுத்தது: ஒரு தொகையைப் பெறுவதில் உள்ள மகிழ்ச்சியைக் காட்டிலும் அதே தொகையை இழப்பதில் உள்ள வலி கூடுதலாக எடைபோடப்படுகிறது. அதற்கு முன்பே, 1970-இல், பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் சந்தையின் பக்கத்திலிருந்து இதே சிக்கலைப் பார்த்திருந்தார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால், நல்ல பொருளுக்கும் உரிய விலை கொடுக்க ஆள் இருக்காது. அந்த இடைவெளியை அடைக்க உத்தரவாதம், பெயர்பெற்ற முத்திரை போன்ற ஏற்பாடுகள் தோன்றுகின்றன என்று அவர் காட்டினார். எல்லோரும் எல்லா நேரமும் அச்சத்தால்தான் முடிவெடுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தினமும் வாங்கும் சிறு பொருட்களில் பழக்கமும் கைக்கெட்டும் வசதியுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. உங்கள் பொருட்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

தள்ளுபடி இந்த அச்சத்தைத் தீர்ப்பதில்லை. இழக்கக்கூடிய தொகையைச் சற்றுக் குறைக்கிறது, அவ்வளவே. அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றையும் அது செய்கிறது: வாங்குபவரின் மனத்தில் உள்ள நியாய விலையை இடம் மாற்றிவிடுகிறது. கானெமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவில் தொலைபேசி வழியாகப் பொதுமக்களிடம் சில கேள்விகள் கேட்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்று: ஒரு கடை, பனி வாரும் மண்வெட்டியை 15 டாலருக்கு விற்றுவந்தது, பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் காலை விலையை 20 டாலராக உயர்த்தியது, இது நியாயமா? நியாயமில்லை என்றார்கள் 82 விழுக்காட்டினர். மக்கள் விலையைத் தனித்து எடைபோடுவதில்லை, தங்களுக்குப் பழகிப்போன ஒரு விலையோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. நீங்கள் அடிக்கடி தள்ளுபடி கொடுத்தபோது, தள்ளுபடி விலையே பழகிய விலையாகிவிட்டது. மற்ற நாட்களில் உங்கள் வழக்கமான விலை அவர்களுக்கு விலையேற்றமாகத் தெரிகிறது. எனவே அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது உங்கள் நிறுவனம்தான் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே ஆய்வில் இருந்த இன்னொரு கேள்வி கூலியைப் பற்றியது. ஒரு சிறிய நகலெடுக்கும் கடையில் மணிக்கு 9 டாலர் பெறும் ஊழியர் ஒருவர் இருக்கிறார். வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. வட்டாரத்தில் வேலையில்லாதோர் பெருகி, மற்ற கடைகளில் 7 டாலருக்கு ஆள் கிடைப்பதால் இவருடைய கூலியையும் 7 டாலராகக் குறைக்கிறார் உரிமையாளர். நியாயமில்லை என்றவர்கள் 83 விழுக்காட்டினர். ஆனால் அந்த ஊழியர் தாமே விலகி, புதிதாக வருபவருக்கு 7 டாலர் கொடுத்தால் அதை ஏற்கலாம் என்று 73 விழுக்காட்டினர் சொன்னார்கள். தொகை ஒன்றுதான், ஏற்கெனவே கையில் இருந்ததைப் பறித்தார்களா என்பதில்தான் வேறுபாடு. வாடிக்கையாளரும் ஊழியரும் ஒரே அளவுகோலால் உங்களை அளக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. ஆகவே கமிஷன் முறையை எடுத்துவிட நினைத்தால், இந்தச் செய்தியை முதலில் மனத்தில் நிறுத்துங்கள். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இனி ஊழியர் திருப்தி. உளவியலாளர் ஃப்ரெடெரிக் ஹெர்ஸ்பெர்கும் அவருடைய குழுவினரும் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு, 1959-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையில் மிகவும் மகிழ்ந்த தருணத்தையும் மிகவும் வெறுத்த தருணத்தையும் சொல்லச் சொன்னார்கள். மகிழ்ந்த கதைகளில் ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, அதற்குக் கிடைத்த அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் தன்மை ஆகியவை மேலோங்கி நின்றன. வெறுத்த கதைகளில் நிறுவனத்தின் விதிமுறைகளும் நிர்வாக முறையும் மேற்பார்வையும் முன்னால் வந்தன. இந்த ஆய்வு முறைக்கு எதிராக வலுவான விமர்சனம் உண்டு: நல்லது நடந்தால் தன்னால் நடந்தது என்றும், கெட்டது நடந்தால் பிறரால் நடந்தது என்றும் சொல்வது மனித இயல்பு, எனவே இந்தப் பிரிப்பு அவ்வளவு கூர்மையானதாக இருக்க முடியாது என்பார்கள். அந்த விமர்சனத்தை நான் ஏற்கிறேன். ஆயினும் ஷோரூம் காட்சிக்குத் திரும்பிப் பார்த்தால், ஹெர்ஸ்பெர்க் குறிப்பிட்ட இரண்டு பக்கங்களும் அங்கே ஒன்றாக நிற்பதைக் காணலாம். முடிந்திருக்க வேண்டிய விற்பனை முடியவில்லை. முடியாமல் செய்தது ஒரு விதி. வாடிக்கையாளரின் முன்னால் தாம் அதிகாரமற்றவர் என்று காட்டிக்கொள்ள வேண்டிய நிலை அந்த விற்பனையாளருக்கு நாள்தோறும் வருகிறது. தொழில் தெரியாத புதியவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். தொழில் தெரிந்தவருக்குத்தான் இது தாங்க முடியாததாக இருக்கும். அதனால்தான் அவர்கள் முதலில் போகிறார்கள்.

உங்கள் கருத்துக்கணிப்பில் ஏன் திருப்தி என்று வந்தது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் விளக்கியதுபோல், குறை கண்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு: எடுத்துச் சொல்லலாம், அல்லது விலகிவிடலாம். சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தவரும் வேறு இடத்தில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவரும் விலகுவார்கள். எஞ்சியவர்களிடம் நீங்கள் தாள் கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். போனவர்களின் கருத்து அந்தச் சராசரியில் இல்லை. மேலும் "திருப்தியாக இருக்கிறீர்களா?" என்ற கேள்வியே பயனற்றது, பழகிப்போன குறைகளை மனிதர் குறையாக எண்ணுவதில்லை. "நேற்று உங்கள் வேலையை நீங்கள் விரும்பியபடி செய்ய விடாமல் எது தடுத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர்களும் பொருட்களும் கிடங்கும் மென்பொருளும் அடங்கிய பதில்கள் வரும். அவற்றை வைத்து நீங்கள் ஏதாவது செய்யலாம். விலகியவர்களில் உங்களோடு சுமுகமாகப் பிரிந்தவர்களையும் அழைத்து இதையே கேளுங்கள். அவர்களுக்கு இப்போது மறைக்க ஒன்றுமில்லை.

திருப்தியான ஊழியர் இருந்தால் வியாபாரம் தானாக வளரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து டிமோதி ஜட்ஜ் முதலான ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட கணக்கில், பணித் திருப்திக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ 0.30 (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1). புறக்கணிக்கத்தக்கதல்ல; ஆனால் ஒன்றிருந்தால் மற்றொன்று உறுதி என்று சொல்லும் அளவும் அல்ல. எது எதற்குக் காரணம் என்பதிலும் கேள்வி இருக்கிறது. வேலை நன்றாக நடப்பதால் மனம் நிறைவதும் உண்டு, மனம் நிறைந்ததால் வேலை நன்றாக நடப்பதும் உண்டு. வேலை நன்றாக நடக்கத் தடையாக இருப்பவற்றை அகற்றினால் இரு வழியிலும் பலன் கிடைக்கும் என்பதால்தான் நான் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

கமிஷனைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் உங்கள் புகார்களின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அளக்கக்கூடிய ஒரு வேலைக்கு மட்டும் பணம் கட்டினால், அளக்க முடியாத மற்ற வேலைகளிலிருந்து கவனம் நகர்ந்துவிடும் என்பதை பொருளியலாளர்கள் பெங்ட் ஹோம்ஸ்ட்ராமும் பால் மில்க்ராமும் 1991-இல் முறையாக நிறுவினார்கள். பில் போட்ட தொகையை அளக்கலாம். வாடிக்கையாளரின் வீட்டுக்குச் சிறிய மாடலே போதும் என்று நேர்மையாகச் சொன்னதை எந்தப் பதிவேட்டிலும் அளக்க முடியாது. அமெரிக்காவின் சியர்ஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனம் இதற்குப் பெரும் விலை கொடுத்தது. அதன் கார் பழுதுபார்ப்பு நிலையங்களில், வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லும் ஊழியர்களுக்கு விற்பனையை ஒட்டிய கமிஷனும் இலக்குகளும் வைக்கப்பட்டிருந்தன. தேவையில்லாத பழுதுவேலைகளை விற்றதாக 1992-இல் கலிஃபோர்னியா மாநில நுகர்வோர் துறை அந்நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. அதன்பின் அந்த ஆலோசகர்களுக்கான கமிஷனை நிறுவனமே நிறுத்தியது. ஊழியர்கள் எல்லோரும் தீயவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. தனக்கு எது தேவை என்று கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்பவரின் வருமானம், அந்தப் பதிலைப் பொறுத்து மாறும்படி ஓர் ஏற்பாடு இருந்தது; ஏற்பாடு தன் வேலையைச் செய்தது. உங்கள் ஷோரூமிலும் விற்பனையாளர் எந்த மாடலை நோக்கித் தம்மைத் தள்ளுகிறார் என்பதை வாங்க வந்தவர் சீக்கிரமே உணர்ந்துவிடுவார். அப்போது ஏற்கெனவே இருந்த அச்சம் இரட்டிப்பாகும்.

சியர்ஸின் கதை அதோடு முடியவில்லை. அந்நிறுவனத்தின் நிர்வாகிகள், தங்கள் கடைகளிலிருந்து திரட்டிய விவரங்களை வைத்து 1998-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள்: ஊழியர் மனநிலை 5 அலகு உயர்ந்தால், வாடிக்கையாளரின் மதிப்பீடு 1.3 அலகு உயரும்; அதைத் தொடர்ந்து வருவாய் வளர்ச்சி 0.5 விழுக்காடு கூடும். ஊழியர் திருப்தியிலிருந்து லாபத்துக்குப் போகும் பாதையை இவ்வளவு துல்லியமாக வரைந்து வைத்திருந்த நிறுவனம், 2018 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. அந்த இடைக்காலத்தில் சந்தையும் போட்டியும் உரிமையாளர்களும் மாறிப்போயிருந்தார்கள். ஆலோசனை சொல்பவர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஊழியர் நிறைவு முக்கியம். ஆனால் தவறான பொருளையும் தவறான இடத்தையும் தவறான முதலீட்டையும் அது ஈடுகட்டாது.

இப்போது உங்கள் பணத்தைப் பற்றி. முதலில், அதே வேலைக்கு மற்ற நிறுவனங்கள் கொடுக்கும் சம்பளத்தை விசாரித்து அறியுங்கள். நீங்கள் கொடுப்பது குறைவாக இருந்தால், நான் இதுவரை எழுதியதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உரிய சம்பளத்துக்குப் பதிலாகப் பொறுப்பையும் பாராட்டையும் கொடுப்பது நியாயமாகாது, நிலைக்கவும் நிலைக்காது. ஆனால் சந்தை நிலவரத்துக்கு ஒத்துத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு தொகையும் திருப்தியை அதே அளவில் கூட்டாது. சம்பள அளவுக்கும் பணித் திருப்திக்கும் உள்ள தொடர்பு, ஜட்ஜ் குழுவினரின் 2010 தொகுப்பாய்வில் 0.15 அளவுக்கே இருந்தது.

சம்பளம் ஒத்திருக்கும் பட்சத்தில், தள்ளுபடிக்கு ஒதுக்கும் தொகையை எடுத்து, மாற்றிக் கொடுக்கும் உறுதிமொழிக்கும் டெலிவரி நம்பகத்துக்கும் செலவிடுங்கள். வாங்கிய குறிப்பிட்ட நாட்களுக்குள், சேதமில்லாமல் இருந்தால், வேறு மாடலாக மாற்றிக் கொடுப்போம் என்று எழுத்தில் வையுங்கள். இதைத் தவறாகப் பயன்படுத்துவோர் சிலர் இருப்பார்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள திரும்பி வந்த பொருட்களின் பதிவைப் பார்த்தால், எடுத்துவரும் செலவு, பிரித்த பெட்டியைக் குறைந்த விலைக்கு விற்பதில் வரும் இழப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுவிடலாம். அந்தத் தொகையைத் தள்ளுபடியில் விட்டுக்கொடுத்த தொகையோடு ஒப்பிடுங்கள். தள்ளுபடி வாங்குகிற அனைவருக்கும் போகிறது. இந்தச் செலவு திருப்பிக் கொண்டுவருபவருக்கு மட்டுமே ஆகிறது.

அந்த உறுதிமொழியைச் சொல்லும் அதிகாரமும், ஒரு வரம்புக்குள் குறைகளைத் தீர்க்கும் அதிகாரமும் ஷோரூம் தளத்தில் நிற்பவரிடம் இருக்கட்டும். ரிட்ஸ்-கார்ல்டன் விடுதிகள், ஒரு விருந்தினரின் சிக்கலைத் தீர்க்க மேலதிகாரியைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவிட ஊழியர்களுக்கு அனுமதி அளித்தது பலரும் அறிந்த செய்தி. உங்கள் வரம்பு அதில் மிகச் சிறிய பங்காக இருக்கலாம். தொகை பெரிதா என்பதைவிட, கேட்காமல் செய்யலாம் என்பதுதான் வேலை செய்யும். அதை ஒருவர் பயன்படுத்தியபின், ஏன் கொடுத்தாய் என்று குறுக்குவிசாரணை நடத்த வேண்டாம். ஒருமுறை அப்படி நடந்தால் அந்த அதிகாரத்தை அதன்பின் யாரும் தொட மாட்டார்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கிடங்கையும் இன்ஸ்டலேஷன் குழுவையும் பாருங்கள்.

கமிஷனை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கையில் இருப்பதைப் பறிப்பதாகவே அது உணரப்படும். சராசரியாக ஒவ்வொருவரும் பெற்றுவந்த கமிஷனில் பெரும்பகுதியை நிலையான சம்பளத்தில் சேர்த்துவிட்டு, எஞ்சியதை ஷோரூம் முழுவதற்கும் பொதுவான ஊக்கத்தொகையாக்குங்கள். திருப்பப்பட்ட பொருட்களைக் கழித்த நிகர விற்பனையை அதற்கு அடிப்படையாக வையுங்கள். அதிகம் விற்ற ஓரிருவருக்கு இதனால் சற்று இழப்பு வரலாம். அவர்களைத் தனியாக அழைத்து, மாற்றத்துக்கான காரணத்தையும் கணக்கையும் நீங்களே விளக்குங்கள், மேலாளரை அனுப்பாதீர்கள். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவுகூர வேண்டும். ஒரு நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் தற்காலிகமாக 10 வாரங்களுக்கு 15 விழுக்காடு சம்பளம் குறைக்கப்பட்டது. ஒன்றில் காரணத்தை விரிவாகவும் வருத்தத்தோடும் விளக்கினார்கள். மற்றொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டார்கள். சரியாக விளக்காத ஆலையில் பொருட்கள் களவுபோவது வெகுவாக அதிகரித்தது. விளக்கிய ஆலையில் அந்த அளவுக்கு இல்லை. இரு இடத்திலும் குறைந்த சம்பளம் ஒன்றேதான்.

தள்ளுபடிக்குப் பழகிய வாடிக்கையாளர்கள் உடனே மாறிவிட மாட்டார்கள். முதல் சில மாதங்கள் விற்பனை தொய்வடையவும் கூடும். அப்போது மனம் தளர்ந்து மீண்டும் தள்ளுபடிப் பலகையை மாட்டினால், காத்திருந்தது சரிதான் என்று அவர்கள் உறுதிசெய்துகொள்வார்கள். எனவே மூன்று ஷோரூம்களில் ஒன்றில் மட்டும் முதலில் தொடங்குங்கள். மற்ற இரண்டையும் இப்போதுள்ளபடி விட்டுவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கே ஓர் அளவு கிடைக்கும். நாள்தோறும் மூன்றை மட்டும் குறித்து வையுங்கள்: உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்காமல் போனவர்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி என்ன, விற்பனையாளர் எத்தனை முறை மேலாளரிடம் அனுமதி கேட்கப் போனார். மூன்றாவது எண் குறைந்தபின் முதல் எண் உயர்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்ற இரண்டு ஷோரூம்களைப் பற்றி முடிவெடுங்கள்.